ஆறாவது பெட்டி மிளகாய்

லைட்ஹவுஸ் குப்பம்,
ஆனி 5, வியாழக்கிழமை.

அன்பு மகன் ஜெகாவுக்கு அம்மா எழுதுவது. அந்த ஊர் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தார், அந்தப் பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் கிறுக்குகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு எத்தனை பெரிது என்று உனக்குத் தெரியும். நான் போனைக் காதில் வைத்தால் போதும், உன் நைனா வலையைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அவரிடம் கொடு என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்தும் உட்காருவார். வெளியே போய்ப் பேசலாம் என்றால் கடல்காற்றில் ஒரு வார்த்தை விளங்காது, கத்திப் பேசினால் தெருவே கேட்கும். பழவேற்காட்டு டேவிட் லீவு முடிந்து சனிக்கிழமை பஹ்ரைனுக்கே திரும்புகிறான், உன் ரூமுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன் ஆன்ட்டி என்றான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நடுவில் கோபம் வரும். வந்தால் என் மேல் கோபப்படு, ஆனால் நிறுத்தாமல் கடைசி வரை படி.

மாசி மாதத்திலிருந்து நீ உன் நைனாவிடம் பேசவில்லை, நான்கு மாதம் ஆகிறது. நீ பேசாததற்குக் காரணம் நான் உன்னிடம் சொன்ன ஒரு விஷயம். அந்த விஷயம் பொய் ஜெகா. பொய் என்று தெரிந்து சொல்லவில்லை, ஆனாலும் பொய்தான். உன் நைனா திருட்டுத்தனமாகக் கருவாடு தின்னவில்லை, ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் நீ நம்புவாய், ஏனென்றால் என் கண்ணால் பார்க்கும் வரை நானே நம்பவில்லை.

போன வருஷம் வைகாசியில் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும், இரண்டு சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்கிறது, உப்பைக் குறைத்தால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம் என்று அவர்கள் சொன்னதும் உனக்குத் தெரியும். உப்பு கூடாது, கருவாடு கூடாது, அப்பளம் ஊறுகாய் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. முப்பத்தைந்து வருஷம் கடலில் படகு ஓட்டிய மனுஷனிடம் போய் உப்பைத் தொடாதே என்றால் அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே, அன்று சாயந்திரமே உப்பு ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் கருவாடு போட்டு விற்கிறவள், அவளுக்கு எத்தனை உப்பும் போதாது. அவருக்கு வேறு எனக்கு வேறு என்று சமைக்கவில்லை, நானும் உப்பில்லாமல்தான் தின்றேன். முதல் வாரம் முகத்தைச் சுளித்தார், அப்புறம் சத்தம் போடாமல் சாப்பிட்டார். உப்பே போடாமல் புருஷனைச் சாப்பிட வைத்துவிட்டேன், இந்தக் குப்பத்தில் வேறு எவளால் முடியும் என்று குழாயடியில் பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

பிரஷர் பார்க்க வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வருகிற நர்ஸ் திவ்யாவை உனக்குத் தெரியாது, பொன்னேரிப் பெண், நல்ல மாதிரி. அவள்தான் உப்பு இல்லாத குறையை எலுமிச்சம்பழத்தாலும் காரத்தாலும் சரிக்கட்டச் சொன்னாள். உன் நைனாவுக்குக் காலையில் பழைய கஞ்சிக்கு மூன்று பச்சை மிளகாயைக் கடித்தால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். இங்கே கடையில் பச்சை மிளகாய் வாரத்தில் பாதி நாள் இருக்காது, இருந்தால் வாடிச் சுருங்கிக் கிடக்கும். வீட்டிலேயே போட்டா இன்னாம்மா, நாலு செடி போதுமேனு திவ்யா சொன்னாள். அந்த யோசனைக்காக அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, டீல உப்பு வுழுந்துட்ச்சாம்மானு கேட்டாள். உப்பு ஜாடியே இல்லாத வீட்டில் உப்பா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டவுன்காரிக்கு நம் வீட்டு டீ இறங்கவில்லை, அதற்கு ஒரு சாக்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அவள் டம்ளரை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆடியில் முதல் விதைப்பு. நம் மணலில் மிளகாயா என்று தெருவே சிரித்தது. கேன் தண்ணீர் போடுகிற சிவசங்கரிடம் சொல்லி வேனில் இரண்டு மூட்டை செம்மண் வரவழைத்தேன். மீன் ஐஸ் பெட்டி, அந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, ஓரம் உடைந்தது என்று தூக்கிப் போட்டதில் ஆறு பொறுக்கி வந்தேன். உன் நைனா கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். மண்ணும் மணலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து நிரப்பினோம். குழம்புக்கு வாங்கிய வற்றலை உடைத்து விதையை உதிர்த்து, ராத்திரி ஊறவைத்து, தயிர் டப்பாக்களில் தூவி, மேலே சாம்பலும் மணலும் சலித்துப் போட்டேன். எட்டாம் நாள் காலையில் பார்த்தால் கூன் போட்டுக்கொண்டு ஏழெட்டு எட்டிப் பார்க்கிறது, மறுநாள் நிமிர்ந்து இரண்டு இலை விரித்துவிட்டது. அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். முருங்கைக்கு ஊற்றுகிறோமே என்று மீன் கழுவின தண்ணீரை இதற்கும் ஊற்றினேன், ஆவணி பிறக்கும் முன்னே அத்தனையும் செத்துவிட்டது. மீன் தண்ணில கவுச்சியும் உப்பும் கீது, கையகலம் செடிக்கு எவளாவது அத்த ஊத்துவாளானு எல்லம்மா கேலி செய்தாள். சரி, என் தப்பு, இனி மீன் தண்ணீர் கிடையாது, சுத்தமான பம்புத் தண்ணீர்தான் என்று முடிவு செய்தேன். அப்புறம் மழை, புயல் எச்சரிக்கை என்று மார்கழி வரை ஓடிவிட்டது.

பொங்கல் முடிந்த கையோடு இரண்டாம் முறை விதைத்தேன். இந்தத் தடவை திவ்யா பொன்னேரியில் விதைப் பாக்கெட்டே வாங்கிவந்து கொடுத்தாள். பத்து நாளில் முளைத்தது. மாசி பத்து வாக்கில் நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் பெட்டிக்கு இரண்டாக எடுத்து நட்டேன். கோழி கிளறாமல், ஆடு வாய் வைக்காமல் இருக்க அவர் பழைய நண்டு வலையை வெட்டிக் குச்சி ஊன்றி மேலே கட்டிவிட்டார், செடிக்குக்கூட வலை விரித்த முதல் மீனவன் நீங்கள்தான் என்று சிரித்தேன். பின்பக்கச் சுவரோரம் ஐந்து பெட்டி வரிசையாக, இடம் போதாமல் ஆறாவது மட்டும் வாசல்படி ஓரம், அவர் வலை பின்ன உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். அவருக்கும் எனக்கும் நடுவில் கடைசியாகச் சிரிப்பு இருந்தது அந்த வாரம்தான்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு நாள் முழுக்க மூத்திரத்தைக் கேனில் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள், அதைச் சோதித்தால் உடம்புக்குள் எவ்வளவு உப்பு போகிறது என்று தெரியுமாம். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உப்பு போடாம இவ்ளோ வராதும்மா, யாரை ஏமாத்துறீங்க, உங்க கையாலயே அவருக்கு விஷம் வைக்கிறீங்கனு அத்தனை பேர் முன்னால் கத்தினார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியமாகப் போடவில்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு அழுகைதான் வந்தது. அப்போது உன் நைனா எழுந்து நின்றார். மேடம், அவள திட்டாதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் திருட்டுத்தனமா கருவாடு சுட்டு தின்னேன்னு சொன்னார். டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வரை பஸ்ஸில் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திறந்த வாயை மூன்று நாள் மூடவில்லை. எங்கே தின்றீர்கள், யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பதில் இருந்தால்தானே சொல்ல. கருவாடு என்றால் எல்லம்மா வீடுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை, உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்து கையில் கொளுத்தி, கங்கையம்மன் மேல ஆணை, ஒரு துண்டு நான் குடுக்கலடி என்று அணைத்தாள். நம் குப்பத்தில் கற்பூரம் அணைத்த பிறகு எவ்வளவு பெரிய வழக்கும் அதோடு முடிந்தது, அதற்கு மேல் பேசுகிறவர்களைப் பஞ்சாயத்து மதிக்காது. நான் பேசினேன். கற்பூரமும் பொய், நீயும் பொய் என்று அந்தத் தெருவில் நின்று சொன்னேன். அதற்கு அப்புறம் உனக்குப் போன் போட்டேன். நீ அவரைக் கூப்பிடச் சொல்லி, நான் இங்க வெயில்ல வேகறது நீ கருவாடு தின்னு சாவறதுக்கா, தின்னு, நல்லா தின்னு, இனிமே என்கூட பேசாதேனு சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, சரியாதான் சொல்றான்னு மட்டும் சொன்னார்.

அந்த மாதம் முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு முன்னால் வைப்பேன், அவ்வளவுதான். செடிகளோடு பேசினேன் என்று சொல்லலாம். தினமும் காலையில் பம்பில் அடித்து வந்து ஐந்து பெட்டிக்கும் ஊற்றுவேன். ஆறாவது பெட்டி எப்போது தொட்டுப் பார்த்தாலும் ஈரமாக இருக்கும், வாசல் பக்கம் நிழல் அதனால் காயவில்லை போல என்று அதற்கு ஊற்றவே மாட்டேன். இலை சுருண்டபோது புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளித்தேன், நிமிர்ந்தது. முதல் மொட்டுகளைக் கிள்ளிப் போட்டால் செடி பக்கவாட்டில் படரும் என்று திவ்யா சொன்னதால் மனசே இல்லாமல் கிள்ளினேன். பங்குனி நடுவில் சுவரோரத்துச் செடிகளுக்கு இலையின் ஓரம் பழுப்பாகத் தீய ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து உள்ளே, அடி இலையிலிருந்து மேலே. பூ வந்த வேகத்தில் கொட்டியது. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் சேர்த்து ஊற்றினேன், இன்னும் வேகமாகத் தீய்ந்தது. பத்து செடியும் போய்விட்டது. ஆறாவது பெட்டியில் இருந்த இரண்டும் மட்டும் கரும்பச்சையாக, இடுப்பு வரை வளர்ந்து, கிளை முழுக்க வெள்ளைப் பூவாக நின்றது.

ஒரே விதை, ஒரே மண், ஒரே எரு, நட்டது ஒரே நாள். எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தீய்ந்த பெட்டிகளில் மண்ணின் மேலே சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, ஆறாவதில் அது இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அந்த மாதத்தில் முதல் முறையாக அவரிடம் வாயைத் திறந்து, இந்தப் பெட்டிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி முழித்தார். அவருக்கென்று நான் ஒரு லிட்டர் பாட்டிலில் கேன் தண்ணீர் அளந்து வைப்பேனே, அதில் பாதியைத் தினமும் அந்தச் செடிக்கு ஊற்றியிருக்கிறார். தாகம் எடுக்காதா உங்களுக்கு என்றேன். எடுக்கும், இன்னா பண்றது, நீயும் பேசல, புள்ளயும் பேசல, அது ஒண்ணுதான் பக்கத்துல இருந்துச்சுனு சொன்னார். எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை ஜெகா. செடிக்குப் பம்புத் தண்ணீர் ஆகாது என்று மட்டும்தான் விளங்கியது. அதற்கு ஒரு நாள் கழித்துச் சிவசங்கர் கேன் இறக்க வந்தான். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் பேனா மாதிரி ஒரு மீட்டர் அவனிடம் இருக்கும், கேன் தண்ணீர் சுத்தம் என்று காட்டுவதற்காக வைத்திருப்பான். செடிக்காகத்தான், இதைக் கொஞ்சம் பார் என்று பம்புத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு கொடுத்தேன். கேனில் வைத்தால் அறுபது காட்டியது. சொம்பில் வைத்தால் ஏறிக்கொண்டே போய் இரண்டாயிரத்து எழுநூறில் நின்றது. அவன் மீட்டரை உதறித் துடைத்து மறுபடி வைத்தான், அதேதான். இத்த குடிக்கிறது இல்லையேக்கானு கேட்டான். இல்லைப்பா, சமையலுக்கு மட்டும்தான் என்று சொன்னேன், சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே, குடிக்க மட்டும் கேன், அரிசி கழுவ, உலை வைக்க, குழம்புக்கு, டீக்கு எல்லாம் பம்பு. நான் அந்தத் தண்ணீரில் சோறு வடித்து, அந்தக் கஞ்சியிலேயே ராத்திரி சோற்றை ஊறப்போட்டு, காலையில் அதையே சொம்பு சொம்பாக அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன். பத்து மாதம். கடல் உள்ளே ஏறிவந்த அந்தப் புயலிலிருந்தே பம்புத் தண்ணீர் மாறிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் நம் நாக்குக்கு அது தண்ணீரின் ருசியாகவே பழகிவிட்டது. பொன்னேரிப் பெண்ணுக்கு ஒரு மடக்கில் தெரிந்தது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. முதல் வாரத்துக்கு அப்புறம் அவர் ஏன் முகத்தைச் சுளிக்கவில்லை என்று இப்போது உனக்குப் புரிகிறதா. என் சாமர்த்தியம் இல்லை. டாக்டரம்மா சொன்னது சரி, என் கையால்தான் போனது.

அன்றிலிருந்து உலைக்கும் கேன் தண்ணீர்தான். திவ்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டீ டம்ளரைப் பற்றியும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்கிறாள். இது மட்டுமே காரணம் இல்லம்மா, அவருக்கு ஏற்கெனவே வியாதி இருந்துச்சுனு என்னைத் தேற்றினாள். நல்ல பெண், அதனால் சொல்கிறாள். வைகாசி சோதனையில் உப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கருவாட்டை வுட்டுட்டீங்க போல, நல்லதுனு டாக்டரம்மா அவரைப் பாராட்டினார், அவரும் ஆமாம் மேடம் என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் சிறுநீரகம் போனது போனதுதான். பாதி இருந்தது இப்போது பத்தில் ஒரு பங்குகூட இல்லையாம். வாரம் மூன்று நாள் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் கையில் சின்ன ஆபரேஷன், காப்பீட்டு அட்டையிலேயே எல்லாம் செய்துவிடுவார்கள். இந்த மாதக் கடைசிக்குள் வந்து படுக்கச் சொன்னார்கள். மிஷின் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். மாதக் கணக்கு என்று சொன்னார்கள், எத்தனை மாதம் என்று சொல்லவில்லை.

அவர் வர மாட்டேன் என்கிறார். முதலில் பயம் என்று நினைத்தேன். பயம் இல்லை. திருடித் தின்றவன் என்று மகன் வாயால் கேட்டாகிவிட்டது, அப்புறம் எந்த முகத்தோடு அவன் சம்பாத்தியத்தில் இன்னும் நாலு வருஷம் இருப்பது என்று இருக்கிறது அவருக்கு. நீ அனுப்புகிற மாத்திரைகளைக்கூட நான் வாயில் போட்டு, விழுங்குகிற வரை நிற்க வேண்டியிருக்கிறது. எனக்காக ஒரு பொய் சொன்னார், அந்தப் பொய்யை நான் உன் வரைக்கும் கொண்டுவந்து, அவரை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆறாவது பெட்டி சித்திரைக் கடைசியில் காய்த்தது. நட்டதிலிருந்து எழுபத்தைந்து நாள் கணக்கு. முதல் பறிப்பில் பதினொரு காய், விரல் நீளம், பளபளவென்று. கேன் தண்ணீரில் வடித்த கஞ்சியில் எலுமிச்சம்பழம் பிழிந்து, மூன்று மிளகாய் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். இந்த ஒரு மாசமாதான்டி கஞ்சி உப்பில்லாம இருக்கு, இன்னா பண்ணேனு கேட்டார். அதுவரை அவரிடம் தண்ணீர் விஷயத்தை நான் சொல்லவில்லை, செடிக்கு ஆகாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். டாக்டரம்மா முன்னால் எதற்கு அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீ போடலனு எனக்கு தெரியும், அது எப்டி வந்துச்சுனு தெரியாது, அம்மாம் பேர் முன்னாடி நீ அழுதியே, நடுக்கடல்ல கேக்காத திட்டா எனக்குனு சொல்லிவிட்டு மிளகாயைக் கடித்தார். செடியிலேயே பழுக்க விட்ட காய்களைக் காயவைத்து டேவிட் கையில் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், காம்பு கிள்ளியது அவர்தான்.

எல்லம்மாவிடம் போய் நின்றேன். கங்கையம்மன் கோயில் வாசலில் ஆள் பார்க்க அவள் காலில் விழுந்தேன். எழுந்திருடி, வயித்தெரிச்சல கிளப்பாதனு சொன்னாள். பேச்சு இன்னும் பழையபடி இல்லை. அது ஆக நாள் ஆகும், ஆகாமலும் போகலாம்.

உனக்கு மட்டும் இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. பயந்துகொண்டு சொல்லவில்லை என்றால் அது பாதி உண்மை. மீதி, அவர் சொல்ல விடவில்லை. அன்று கஞ்சி குடித்த கையோடு, இப்போதே ஜெகாவுக்குப் போன் போடுகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். வாணாம் வுடு, அவன் எம்மேல கோவமாவே இருக்கட்டும், நான் போறவன், நீ இருக்கப்போறவ, நாளைக்கு அவன் ஊருக்கு வந்தா உன் கையாலதான சாப்புடணும், சோத்துல கை வெக்கும்போதெல்லாம் அவனுக்கு இந்த நெனப்பு வரக் கூடாதுனு சொன்னார். போன வாரம் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டபோதும் இதையேதான் வேறு மாதிரி சொன்னார். அவர் பேச்சை மீறி இதை எழுதுகிறேன். என் கையால் இனி நீ ஒரு வாய் சாப்பிடாமல் போனாலும் நான் தாங்கிக்கொள்வேன் ஜெகா, ஹோட்டலில் தின்றுவிட்டு வாசலோடு திரும்பிப் போனாலும் தாங்கிக்கொள்வேன். நீ பேசாமல் அவர் போய்விட்டால் அதை என்னால் தாங்க முடியாது, உன்னாலும் முடியாது, நீ இப்போது சின்னப் பிள்ளை இல்லை, முடியாது என்று உனக்கே தெரியும். நான் சொல்லி அவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார். நீ வா என்றால் வருவார். என்னைத் திட்ட வேண்டுமென்றால் தனியாக எனக்குப் போட்டுத் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கங்கையம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். போகிற கடலும் வருகிற கரையும் உனக்கு நல்லதாக இருக்கட்டும், ஒரு நோய் நொடி உன்னை அண்டாமல் நூறு வயது நீ நடமாட வேண்டும். அங்கே நீங்கள் சமைக்கிற தண்ணீர் என்ன தண்ணீர் என்று டேவிட்டையும் கேட்டுக்கொண்டு ஒரு தரம் பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசு. என் நம்பருக்குப் போடாதே, அவர் நம்பருக்கே போடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே, நீயாகக் கூப்பிட்டதாகவே இருக்கட்டும். மணி அடித்து உடனே எடுக்கவில்லை என்றால் வைத்துவிடாதே, கால் மறுபடி வீங்கியிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வர அவருக்கு நேரம் ஆகும்.

உன் அம்மா,
இருசம்மாள்.